அப்பாவின் கையெழுத்து: குடும்பத் தொழிலில் பெரியவர் சொல் எதுவரை?

வாசகர் கேள்வி, 6 ஜூன் 2025

ஆற்காட்டில் எங்கள் குடும்பத்துக்கு இரும்புச் சாமான் கடை இருக்கிறது. தாத்தா தொடங்கியது. நைனாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. படிப்பை முடித்த நாள் முதல் நான் கடையில்தான் இருக்கிறேன். ஆனாலும் எந்தக் கம்பெனிக் கம்பி எடுப்பது, எந்த மேஸ்திரிக்குக் கடன் கொடுப்பது, எந்தச் செக்கை எப்போது போடுவது என்பதில் எதுவும் என் கையில் இல்லை. சித்தப்பாவுக்கே ஐம்பத்தெட்டு வயது. அவர் நிலையும் இதுதான். பெரியவர் இருக்கும்போது சின்னவர் வாய் திறக்கக் கூடாது என்ற நம் பரம்பரைப் பண்பாடுதான் இந்தியக் குடும்பத் தொழில்களை மூன்றாம் தலைமுறையில் முடித்துவைக்கிறது என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

7 ஜூன் 2025, காலை

பாதி மறுக்கிறேன். வேலூரில் வரிக் கணக்குப் பார்ப்பது என் தொழில். லாங் பஜார் பாத்திரக் கடை, காட்பாடி மரக்கடை, ராணிப்பேட்டை டேனரி (தோல் பதனிடும் ஆலை), ஆரணி அரிசி ஆலை என்று குடும்பங்கள் நடத்தும் தொழில்களின் கணக்குகள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வருகின்றன. அவற்றைப் பார்த்துப் பழகிய அளவில் சொல்கிறேன்: பெரியவர் சொல்லுக்குக் கட்டுப்படுவது நம் வணிக மரபின் ஒரு பாதி. தன் கையில் உள்ளதைப் பெரியவர் எப்போது, எந்த அளவில், என்ன கணக்கோடு இறக்கிவைக்க வேண்டும் என்பது மறு பாதி. முதல் பாதியை அப்பாக்கள் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். மறு பாதி எப்போது காணாமல் போனது என்று யாரும் தேடவில்லை.

நகரத்தாரை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் அவர்கள் நடத்திய லேவாதேவிக் கடைகளை அங்கே உட்கார்ந்து நடத்தியவர் பெரும்பாலும் முதலாளி இல்லை. மூன்றாண்டுத் தவணையில் அனுப்பப்பட்ட ஏஜெண்டுதான். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும், வேறொருவர் போவார். பணக்கார வீட்டுப் பையனும் இன்னொருவர் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, அதன் பிறகே மேலாள் ஆனான். மகனுக்குத் திருமணம் ஆனதும் ‘வேறு வைத்தல்’ என்று ஒரு வழக்கம் உண்டு: ஒரே வீடு, ஆனால் தனி அடுப்பு, தனிச் செலவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த தொகை. இதில் பெரியவருக்கு மரியாதை குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. பொறுப்புக்குத் தேதியும் செலவுக்கு அளவும் குறித்திருந்தார்கள், அவ்வளவுதான்.

7 ஜூன் 2025, இரவு

செட்டிநாட்டுக் கதையை வேலூரில் சொல்லி என்ன பயன் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. வடாற்காட்டு வணிகத்தில் ஒரே சமூகத்தின் மரபு என்று ஒன்று கிடையாது. மண்டித் தெருவில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் செட்டியார்கள், பஜாரில் மார்வாடிகள், வாணியம்பாடியில் உருது பேசும் தோல் வணிகர்கள், மேல்விஷாரத்தில் தமிழ் பேசும் தோல் வணிகர்கள், தெருமுனை மளிகையில் தெற்கிலிருந்து வந்த அண்ணாச்சிகள். ஒவ்வொருவர் வீட்டிலும் சாவி கைமாறும் விதம் வேறு. டிடிஎஸ் (பிடித்துவைத்த வரி) கட்ட வேண்டிய ஏழாம் தேதியும் பக்ரீத்தும் ஒரே நாளில் வந்துவிட்டதால் மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

11 ஜூன் 2025

என் தாத்தா வேலூரில் அரிசி மண்டி வைத்திருந்தார். மண்டியில் மேசை நாற்காலி கிடையாது. மெத்தை, திண்டு, முன்னால் சாய்வான மூடி போட்ட கணக்குப் பெட்டி. அதற்குள் நாள்வழி, பின்னால் மாடத்தில் பேரேடுகள். இரும்புப் பெட்டியின் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் கிடக்கும். குளிக்கும்போதும் அவிழ்க்க மாட்டார். அளக்கிற ஆள் முதல் மரக்காலை ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்கி, அடுத்ததற்கு இரண்டு என்பான். அந்த எண்ணிக்கையைக் காதால் வாங்கிச் சுவரில் கரிக்கோடு போடுவதுதான் என் அப்பாவுக்குக் கிடைத்த முதல் வேலை.

பிறகு ஆரணிப் பக்கம் போய் நெல் பார்த்து விலை பேசும் பொறுப்பு வந்தது. அதற்கென்று தாத்தா ஒரு தொகையை ஒதுக்கி, பேரேட்டில் அப்பா பெயரில் தனிப் பக்கம் திறந்தார். ஒரு தை மாதம் அப்பா சரியாகக் காயாத நெல்லை வாங்கிவந்துவிட்டார். அரைத்தபோது அரிசி நொறுங்கி, பாதி குருணையாக விழுந்தது. தாத்தா திட்டவில்லை. கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு நஷ்டத்தை அந்தப் பக்கத்திலேயே எழுதச் சொன்னார். அந்தப் பேரேட்டை நான் பார்த்திருக்கிறேன்: சாய்ந்த எழுத்தில் ‘நெல் ஈரம், குருணை’ என்று மட்டும் இருக்கும், எதிரில் தொகை. அடுத்த தை மாதமும் நெல் வாங்கப் போனவர் அப்பாதான்.

மரபின் மறு பாதி என்று நான் சொன்னது இதைத்தான். இன்றைய கடைகளில் லாபம் வந்தால் கடையின் ராசி என்கிறார்கள். நஷ்டம் வந்தால் மகன் செய்த கோளாறு என்று சாப்பாட்டுக்கு உட்காரும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்கள். ஆனால் மகன் பெயரில் ஒரு பக்கம் திறந்து, இவ்வளவு உன் பொறுப்பு என்று தொகை போட்டு, வந்த நஷ்டத்தை எழுதி அந்த ஆண்டோடு அதை முடித்துவைப்பவர் எத்தனை பேர்? எழுதப்படாத நஷ்டத்துக்கு ஆண்டு முடிவே கிடையாது. அது பேரப்பிள்ளை கல்யாணத்தில்கூடப் பேசப்படும்.

இத்தனை தெரிந்த மனிதர், இரும்புப் பெட்டிச் சாவியை மட்டும் கடைசிவரை தரவில்லை.

15 ஜூன் 2025

அந்தச் சாவியால் என்ன ஆனது என்று கேட்டிருக்கிறார்கள். தாத்தா உயில் எழுதவில்லை. அவர் போன பிறகு அப்பாவும் சித்தப்பாக்கள் இருவரும் முட்டிக்கொண்டது மண்டிக் கட்டடத்துக்காகவோ சரக்குக்காகவோ இல்லை. வீட்டுச் செலவுக் கணக்குக்காக. கூட்டுக் குடும்பத்தில் உழைத்த எவருக்கும் சம்பளம் கிடையாது. பெரிய சித்தப்பா மகளின் காதுகுத்து, சின்னச் சித்தப்பாவின் வயிற்றுப்புண் வைத்தியம், எங்களுடைய கான்வென்ட் கட்டணம் எல்லாம் ஒரே தலைப்பின்கீழ் ஏறியிருந்தன. பிரித்து எழுதினால் பாசம் குறைந்துவிடும் என்பது தாத்தாவின் எண்ணம். அவர் கண்ணை மூடிய பிறகுதான், மூன்று மருமகள்களும் அந்தக் கணக்கைப் பைசா பிசகாமல் மனத்துக்குள் பிரித்தே வைத்திருந்தார்கள் என்பது தெரிந்தது. மண்டி அடுத்த அறுவடைக்கு இல்லை.

ஆகவே ஆற்காட்டுத் தம்பிக்கு என் கேள்வி: அதிகாரம் இருக்கட்டும், உங்களுக்குச் சம்பளம் உண்டா? வண்டிப் பெட்ரோலுக்கும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் கல்லாவின் முன்னால் நின்று கேட்டு வாங்குகிறீர்களா? கடை கூட்டாண்மை நிறுவனமாக இருந்தால் உழைக்கும் பங்குதாரருக்கு ஊதியம் தந்து அதைச் செலவாகக் கழிக்க வருமான வரிச் சட்டமே வழி விடுகிறது. புத்தக லாபத்தில் (பங்குதாரர் ஊதியத்தைக் கழிப்பதற்கு முன் உள்ள லாபம்) முதல் 6 லட்சம் ரூபாய்வரை, 3 லட்சம் அல்லது 90 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது. அதற்கு மேற்பட்ட லாபத்தில் 60 விழுக்காடு. பங்குதாரருக்குத் தரும் தொகை ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 விழுக்காடு வரி பிடித்துக்கொண்டு தர வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. மகனுக்குச் சம்பளம் தரலாம் என்று அப்பாவுக்குத் தோன்றுவதற்கு முன்பே அதில் தன் பங்கு எவ்வளவு என்று அரசாங்கம் முடிவு செய்துவிட்டது.

16 ஜூன் 2025

இடையில் ஒன்று. எங்கள் தெருவில் ஒரு பூசைச் சாமான் கடை. மகன் கியூஆர் அட்டை வாங்கிக் கல்லாமேல் நிறுத்தினார். அப்பா அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். ஆனால் முதல் போனி காசாக வரும்வரை அந்த அட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருப்பார். இரண்டு தரப்பும் வென்ற ஒரே பஞ்சாயத்தாக எனக்குத் தெரிந்தது இதுதான்.

22 ஜூன் 2025

ஏழாம் தேதி மீதி வைத்ததில் தோல் தொழிலும் ஒன்று. அங்கே நடந்தது வேறு விதம்.

பாலாற்றங்கரையின் பழைய டேனரிகளில் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். குழியில் ஊறும் தோல் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பெரியவர்கள் மூக்காலும் கட்டை விரலாலும் கண்டுபிடித்தார்கள். அந்த அறிவு எந்த ஏட்டிலும் இல்லாததால், பெரியவர் சொல்வதே முடிவு என்பதற்கு அங்கே உண்மையான காரணம் இருந்தது. 1970களில் அரசு அரைப்பதத் தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலையும் செருப்பு, ஷூ போன்ற பொருள்களையும் ஏற்றுமதி செய்யத் தூண்டியது. குரோம் முறை, டிரம், ஐரோப்பிய வாங்குநர், வண்ண அட்டை, மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் என்று தொழிலின் பேச்சே மாறியது. சென்னையில் 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வழியாகப் படித்துவந்த பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு தெரிந்திருந்தது. வாங்குநர் வந்தால் மகன்தான் பேச வேண்டும்; அப்பா பக்கத்தில் உட்கார்ந்து தேநீர் சொல்ல வேண்டும். எந்த வீட்டிலும் யாரும் புரட்சி செய்யவில்லை. வேலை மகனிடம் போனது. கொஞ்ச நாளில் முடிவும் அவரிடம் போனது.

அடுத்த அடி நீதிமன்றத்திலிருந்து வந்தது. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நாட்டின் சட்டமாக ஏற்று, ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாலாறு கெட்டதற்கும் கிணறுகள் உப்பானதற்கும் இந்தத் தொகை எந்த மூலைக்கு என்று விவசாயி கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இந்த விஷயத்தில் நான் டேனரிக்காரர்களின் கட்சி இல்லை. ஆனால் குடும்பத் தலைமையைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு செய்த வேலை பெரிது. கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஆலையைத் திறக்க முடியாது என்றதும், பரம்பரைப் போட்டியாளர்கள் ஒன்று கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப் பணம் போட வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஒரு கூட்டத்துக்குக் கணக்காளனாக நானும் போயிருக்கிறேன். அப்பா வந்த குடும்பங்கள் பழைய வாய்க்கால் தகராறிலிருந்து பேச்சைத் தொடங்கின. மகனை அனுப்பிய குடும்பங்கள் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் லிட்டர், லிட்டருக்கு என்ன விலை என்று கேட்டுவிட்டு எழுந்தன.

24 ஜூன் 2025

தோல் தொழிலில் படிப்பு வேண்டியிருந்தது, கடைத்தெருவில் அது நடக்காது என்று ஒரு மறுப்பு வந்திருக்கிறது. அவரை ஒரு நாள் சிஎம்சி மருத்துவமனைக்கு எதிர்ச் சந்துகளுக்கு அழைத்துப்போக விரும்புகிறேன். மேற்கு வங்கத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கும் இடம். விடுதிப் பலகை வங்காளியில், மருந்துக் கடைப் பலகை வங்காளியில், ஓட்டலில் மீன் குழம்பு கடுகெண்ணெயில். அங்கே ஒரு விடுதியில், பத்தாவதோடு நின்ற இளைய மகன் வாடிக்கையாளர்களிடம் பேசிப் பேசியே வங்காளி கற்றார். அண்ணன் பட்டதாரி, அப்பா முதலாளி. ஆனால் அறை காலி இருக்கிறதா, முன்பணம் எவ்வளவு, டாக்டர் இன்னும் பத்து நாள் இருக்கச் சொன்னால் வாடகையில் எவ்வளவு குறைப்பது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் அந்த இளையவர்தான். வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்தவர் கைக்கு முடிவு மெல்லப் போய்விடுகிறது. டேனரியில் ஆங்கிலம், இங்கே வங்காளி.

29 ஜூன் 2025

22ஆம் தேதிக் குறிப்பில் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றி இந்த வாரம் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். தோல் குடும்பங்களில் பெரியவர்கள் ஓரளவு நல்லபடியாக விலகியதற்கு வேலை மாறியது மட்டும் காரணமாக இருக்க முடியாது. விலகிய பிறகு போய் உட்கார அவர்களுக்கு இன்னொரு நாற்காலி இருந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தொடங்கியது; மேல்விஷாரத்தில் 1965இல் தொடங்கிய கல்லூரி, தோல் வணிகத்தில் ஈட்டியதை அறத்துக்கு அள்ளிக் கொடுத்த சி. அப்துல் ஹக்கீம் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்விச் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், தோல் வணிகர் சங்கம் என்று ஊரில் மதிப்புள்ள இருக்கைகள் பல இருந்தன. காலை பத்து மணிக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போக ஓர் இடம், அங்கே நாலு பேர் எழுந்து நிற்பது, கையெழுத்துப் போட ஒரு கோப்பு. டேனரியைப் பிள்ளைகளிடம் விட்டாலும் பெரியவர் பெரியவராகவே இருந்தார்.

இரும்புக் கடைக்காரருக்கு அப்படி என்ன இருக்கிறது? கோயில் திருவிழாக் குழு ஆண்டுக்கு ஒரு மாதம் ஓடும். மீதிப் பதினோரு மாதம் அவருக்குக் கல்லாதான் ஊர். அதை விட்டு எழுந்திரு என்று மகன் சொன்னால் அவர் காதில் வேறு மாதிரித்தான் விழும். தம்பி, நைனாவிடம் அதிகாரத்தைக் கேட்பதற்கு முன்னால் அவருடைய காலைப் பத்து மணிக்கு ஓர் ஏற்பாடு செய்ய முடியுமா என்று பாருங்கள்.

3 ஜூலை 2025

இத்தனை நாளாக அப்பா, மகன், சித்தப்பா என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், வீட்டில் பெண்களே இல்லையா என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இந்த இழையிலேயே மிக நல்ல கேள்வி.

சட்டம் எப்போதோ முடிவு சொல்லிவிட்டது. அப்போது திருமணம் ஆகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமைப் பங்கைத் தமிழ்நாடு 1989இலேயே கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அதை எல்லா மகள்களுக்கும் விரித்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மூத்த மகள் கூட்டுக் குடும்பத்தின் கர்த்தாவாகவும், அதாவது நிர்வாகத் தலைவராகவும், இருக்கலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2015இலேயே சொல்லியிருக்கிறது. முஸ்லிம் குடும்பங்களில் பிறப்புரிமைக் கூட்டுச் சொத்து என்பதே கிடையாது. இறந்த பிறகு பங்குகள் வகுத்தபடி, மகனுக்கு இரண்டு என்றால் மகளுக்கு ஒன்று. உயிலால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. அதனால்தானோ என்னவோ, என் கைக்கு வரும் கூட்டாண்மைப் பத்திரங்களில் மிகக் கவனமாக எழுதப்பட்டவை டேனரிக் குடும்பங்களுடையவையாக இருக்கின்றன.

நடைமுறை வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தின் மர பெஞ்சில் ஒரு காலை நேரம் உட்கார்ந்தால் போதும். கட்டிக்கொடுத்த அக்காவை ஊரிலிருந்து காரில் அழைத்துவருவார்கள். சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை வாங்குவார்கள். திரும்பும் வழியில் ஓட்டலில் நெய் ரோஸ்ட், வீட்டில் ஒரு பட்டுப்புடவை. அந்த அக்காதான் திருமணத்துக்கு முன் ஆறு ஆண்டு கடைக் கணக்கை எழுதியவராக இருப்பார். பெரிய இடத்திலும் இதே கதைதான். ராணிப்பேட்டையில் பழைய ஆலை வைத்திருந்த பாரி நிறுவனத்தை 1981இல் வாங்கிய முருகப்பா குழுமத்தில், 2017இல் காலமான எம். வி. முருகப்பனின் மூத்த மகள் வள்ளி அருணாசலம் குடும்ப முதலீட்டு நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். 2020இல் பங்குதாரர் வாக்கெடுப்பில் அது தோற்றது. 2023இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டார்கள். நன்கு எழுதிவைத்த விதிகளும் வெளியாள் நிர்வாகிகளும் கொண்ட குழுமம் அது.

9 ஜூலை 2025

அம்பானிகளைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை என்று ஒருவர் அங்கலாய்த்திருக்கிறார். சுருக்கமாக: திருபாய் 2002 ஜூலையில் உயில் இல்லாமல் இறந்தார், 2005 ஜூனில் மகன்கள் இருவருக்கும் தாயார் முன்னின்று தொழிலைப் பிரித்தார். என் தாத்தா கதைக்கும் இதற்கும் சுழியங்களில் மட்டுமே வித்தியாசம்.

எனக்குச் சுவையாகப் படுவது டிவிஎஸ் குடும்பம். மதுரையில் பேருந்து விட்ட டி. வி. சுந்தரம் ஐயங்காரின் வழி வந்த கிளைகள், எந்தக் கிளை எந்தக் கம்பெனியை நடத்துகிறதோ உடைமையும் அந்தக் கிளைக்கே என்று 2020 இறுதியில் குடும்ப உடன்படிக்கை எழுதிப் பிரிந்துகொண்டன. சோளிங்கர் பக்கம் பிரேக்ஸ் இந்தியா வார்ப்பாலைக்குப் போகிற தொழிலாளிக்கு அன்று காலை எந்த மாற்றமும் தெரிந்திருக்காது. பிர்லாக்களின் ‘பர்த்தா’ முறையையும் சொல்ல வேண்டும்: ஆலையின் அன்றாட உற்பத்தி, செலவு, லாபம் அன்றாடமே முதலாளி பார்வைக்கு வந்துவிடும். கணக்கு தினமும் கண்ணெதிரில் இருந்தால், ஆலையை மகனிடமோ வெளியாளிடமோ விடுவதில் பயம் குறைகிறது. தம்பியின் நைனாவுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஏதாவது உண்டென்றால் அது பர்த்தாதான். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்.

12 ஜூலை 2025

ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் நாளில் எங்கள் அலுவலகத்தில் நடப்பது. மகன் எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிவிட்டார். ஓடிபி அப்பாவின் பட்டன் போனுக்குப் போகிறது. அப்பா சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார். அம்மா போனைத் தேடி எடுத்து, எண்ணை ஒவ்வொன்றாகப் படிக்கிறார். கடைசி எண் ஆறா எட்டா என்று கண்ணாடியைத் தேடுவதற்குள் காலாவதியாகிவிடுகிறது. மறுபடி அனுப்புகிறோம். இதற்குள் அப்பா எழுந்து, “யார்ரா அது என் போனை எடுத்தது?” என்கிறார்.

அரைஞாண் கயிற்றுச் சாவி இப்போது இங்கே இருக்கிறது.

20 ஜூலை 2025

தம்பி பதில் எழுதியிருக்கிறார். கடை கூட்டாண்மை நிறுவனமாம்; பங்குதாரர்கள் நைனாவும் சித்தப்பாவும் மட்டும். தம்பிக்குச் சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை. இதைப் படித்ததும் பண்பாடு, தலைமை எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டேன். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 42ஆம் பிரிவின்படி, பங்குதாரர் ஒருவர் இறந்தால் நிறுவனம் கலையும். பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தொடரலாம். ஆனால் இருப்பதே இருவர் என்றால் எப்படி எழுதியிருந்தாலும் பயனில்லை, ஒற்றை ஆளை வைத்துக் கூட்டாண்மை நடக்காது. பெரியவர்கள் இருவரில் ஒருவருக்கு ஏதாவது ஆனால் மறுநாள் காலை அந்தக் கடைக்குச் சட்டப்படி உயிர் இல்லை. வங்கிக் கணக்கு நிற்கும், புது பான் எண்ணும் புது ஜிஎஸ்டி பதிவும் வேண்டும், கொள்முதலில் கட்டிக் கழிக்காமல் மிச்சமிருக்கும் ஜிஎஸ்டி வரவை ஐடிசி-02 படிவம் போட்டு மாற்ற வேண்டும், கம்பிக் கம்பெனி கடனை நிறுத்திவிட்டுப் பழைய பாக்கியைக் கேட்கும். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் உட்கார்ந்திருக்கும்போதே இதெல்லாம் தொடங்கிவிடும்.

2 ஆகஸ்ட் 2025

மகன்கள் பக்கமே நின்று எழுதுகிறேன் என்று ஒரு பெரியவர் கோபித்திருக்கிறார். அவருடைய கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது: கையெழுத்தைக் கேட்கிற பையன்கள் ஜாமீனைக் கேட்பதில்லை என்கிறார்.

உண்மை. இந்தச் சிறு கடைகளின் வங்கிக் கடன் ஏறக்குறைய எல்லாமே அப்பாவின் சொந்த ஜாமீனிலும், அப்பா பெயரில் உள்ள வீட்டுப் பத்திரத்தின் மீதும் நிற்கிறது. மகன் கொடுத்த கடன் வராமல் போனால் ஏலத்துக்கு வருவது அந்த வீடு. செக் திரும்பினால் நோட்டீஸ் வருவது அவர் பெயருக்கு. ஆகவே செக்கை விட மறுக்கும் அப்பாவிடம் பண்பாட்டைத் தேடுவதைவிட, அவருடைய ஜாமீன் பத்திரத்தை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. 11 ஜூன் குறிப்பில் சொன்ன பேரேட்டுப் பக்கத்தை இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். தாத்தா அப்பாவுக்குத் தொகை ஒதுக்கினார், நஷ்டத்தை அவர் பெயரில் எழுதினார். ஆனால் கடன்காரன் வந்தால் தாத்தாவிடம்தான் வருவான். அதனால்தான் சாவி மட்டும் இடுப்பிலேயே இருந்ததோ என்று இப்போது தோன்றுகிறது. அப்பா அதை ஒருபோதும் அப்படிப் பார்க்கவில்லை. நானும் அவரிடம் கேட்டதில்லை.

பொறுப்பைக் கேட்கும் மகன் வங்கிக்குப் போய் இணை ஜாமீனில் தன் பெயரையும் போடட்டும். அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

18 ஆகஸ்ட் 2025

ஆடி முடிந்துவிட்டது, ஆடியில் எந்தப் பத்திரத்திலும் கை வைக்க மாட்டேன் என்றிருந்த நைனா, ஆவணி பிறந்ததும் இறங்கிவந்திருக்கிறாராம். தம்பி விவரம் கேட்டிருக்கிறார். எழுதுகிறேன்.

புதுப் பத்திரத்தில் தம்பியையும் சித்தப்பா மகனையும் உழைக்கும் பங்குதாரர்களாகச் சேருங்கள். ஊதியத் தொகையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பத்திரத்தில் இல்லாத ஊதியத்தை வருமான வரித் துறை ஏற்காது. ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தொடர்வார்கள், இறந்தவரின் பங்கு இன்ன முறையில் மதிப்பிடப்பட்டு இத்தனை தவணையில் வாரிசுகளுக்குத் தரப்படும் என்ற பிரிவு கட்டாயம். குறிப்பிட்ட தொகைவரை செக்கில் எவரேனும் ஒருவர், அதற்கு மேல் பெரியவர் ஒருவரும் சின்னவர் ஒருவரும் சேர்ந்து என்று வங்கிக்குக் கடிதம் கொடுங்கள். சின்னவர் கையெழுத்துப் போடும் தொகையை ஆண்டுதோறும் ஏப்ரலில் உட்கார்ந்து பேசி உயர்த்துங்கள். மாற்றத்தைக் கூட்டாண்மை நிறுவனங்களின் பதிவாளரிடம் பதியுங்கள். ஜிஎஸ்டி பதிவில் 15 நாளுக்குள் திருத்துங்கள். ஓடிபி போகும் எண்ணை அப்போதே மாற்றிவிடுங்கள்.

நைனா ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருக்கிறாராம். திருப்பத்தூரில் வாழ்க்கைப்பட்ட அக்காவையும் பங்குதாரராகச் சேர்க்க வேண்டும், தம்பிக்கு முன்னால் பில் புத்தகம் எழுதியவள் அவள்தான் என்கிறாராம். மச்சான் வீட்டார் நாளைக்குக் கடைக்குள் வந்துவிடுவார்கள் என்று தம்பி தயங்குகிறார். தம்பி, ஜூன் 6 அன்று நீங்கள் எழுதிய கேள்வியை எடுத்து, நைனா என்ற இடத்தில் உங்களையும் சித்தப்பா என்ற இடத்தில் அக்காவையும் போட்டுப் படித்துவிட்டு வாருங்கள். அக்காவை உழைக்காத பங்குதாரராக, லாபத்தில் மட்டும் பங்கு வைத்துச் சேர்க்கலாம். மச்சான் கல்லாவுக்கு வர அதில் வழி இல்லை. வரைவில் அவர் பெயருக்கு இடம் விட்டு அனுப்பியிருக்கிறேன். விழுக்காட்டை நீங்கள் பேசி நிரப்புங்கள். ஆதார், பான் நகல்களும் புகைப்படங்களும் எல்லாருடையதும் வேண்டும்.